பாணனுக்கு வேலை கொடுத்தோம்: பார்ட் கிளாஸைத் திருத்தி எழுதிய பதிவு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து நான் நடத்தும் ஆட்டத்தில் நாலு பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ், அதாவது பாத்திர வகை: ஒரு ஃபைட்டர் (படைவீரன்), ஒரு கிளெரிக் (பூசாரி), ஒரு ரோக் (பதுங்கித் தாக்குபவன்), ஒரு பார்ட் (பாணன்). எல்லோரும் மூன்றாவது லெவலுக்கு வந்திருந்த சமயம். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும், பார்ட் ஆடும் தோழி தன் கேரக்டர் ஷீட்டை என் பக்கம் நகர்த்தி, "இதுல பாட்டு எங்க இருக்கு, காட்டு" என்றாள்.

தேடிப் பார்த்தேன். பொருள்கள் பட்டியலில் கயிறுக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவே 'லூட்' (ஒரு நரம்பிசைக் கருவி) என்று ஒரு வரி. அது இல்லாவிட்டாலும் ஆட்டத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. கீழே மந்திரங்கள், அவற்றில் பாதி விஸர்ட் என்ற மந்திரவாதி கிளாஸிடமும் இருப்பவை. அப்புறம் 'பார்டிக் இன்ஸ்பிரேஷன்'. பார்ட் தன் முறையில் ஒரு போனஸ் ஆக்‌ஷன் செலவழித்து, 60 அடிக்குள் இருக்கும் ஒரு தோழனுக்கு ஓர் ஆறு முகப் பகடை தரலாம். வாங்கியவர் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஓர் உருட்டலோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அவள் கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) மாடிஃபையர் 3, அதனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை.

"இன்னிக்கு நான் மூணு தடவை 'இந்தா, ஆறு முகம்'னு சொன்னேன். அதுதான் நான் பாடின பாட்டு" என்றாள்.

எண்ணாகப் பார்த்தால் அந்தப் பகடையில் குறையே இல்லை. ஆறு முகத்தின் சராசரி 3.5. எடுத்த காரியம் பலிக்குமா என்பதைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடை; அதில் ஒவ்வொரு புள்ளியும் 5 சதவீதம் என்பதால், சாதாரண உருட்டல் ஒன்றின் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 17.5 சதவீதப் புள்ளி கூடுகிறது. நல்ல உதவிதான். ஆனால் அதைத் தருவது ஒரு பாணனாகத்தான் இருக்க வேண்டுமா? கோவில் பூசாரி தரலாம், படைத்தலைவன் தரலாம். இந்த இடத்தில்தான் கிளாஸ் உடைந்திருக்கிறது என்று பட்டது. திருத்தலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கே உடைந்தது என்று பின்னால் போய்ப் பார்த்ததில், முதல் நாளிலிருந்தே இந்த கிளாஸ் எதையாவது ஒட்டுப்போட்டுத்தான் வந்திருக்கிறது. 1976 பிப்ரவரியில் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழில் டக் ஷ்வெக்மன் எழுதிய முதல் பார்டே மூன்று வகைப் பாடகர்களின் கலவை: நார்ஸ் ஸ்கால்ட், கெல்டிக் பார்ட், தெற்கு ஐரோப்பிய மின்ஸ்ட்ரல். 1978இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்ற விதிப் புத்தகத்தில் அது பின்னிணைப்புக்குப் போனது. அங்கே பார்ட் ஆக வேண்டுமென்றால் முதலில் ஃபைட்டராக ஐந்தாவது லெவலாவது தொட வேண்டும். பிறகு தீஃப் (திருடன்) ஆக மாறி அதிலும் ஐந்தைத் தொட வேண்டும். அதன் பிறகே ட்ரூயிட்கள் என்ற கெல்டிக் பூசாரிகளிடம் பாடம். வலிமை, விவேகம், சுறுசுறுப்பு, கரிஸ்மா நான்கும் 15க்குக் குறையக்கூடாது. பெரும்பாலான ஆட்டங்கள் அவ்வளவு தூரம் போவதற்குள் முடிந்துவிடும். 1989இன் இரண்டாம் பதிப்பு அவனை ரோக் குடும்பத்தில் சேர்த்து விஸர்ட் மந்திரங்களைக் கையில் கொடுத்தது. 2014 வரும்போது ஒன்பதாம் நிலை மந்திரம் வரை போகும் முழு மந்திரவாதியாகிவிட்டான். விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறின. அவன் எதற்காக அந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பதிலைத் தேடி விதிப் புத்தகத்துக்கு வெளியே போனேன். வேல்ஸின் இடைக்கால அரசன் ஹவெல் தாவின் பெயரில் உள்ள சட்டங்களில் அரசனின் வீட்டுப்படைக்கென்றே ஒரு கவிஞன் இருக்கிறான். போர் நாளில் படையின் முன்னால் நின்று அவன் எந்தப் பாடலைப் பாட வேண்டும் என்பதுகூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அயர்லாந்தில் கவிஞர்களுக்குப் படிநிலைகள் உண்டு. உச்சியில் இருப்பவன் ஓலவ். அவன் 350 கதைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும்: 250 பெருங்கதை, 100 சிறுகதை. நம் பக்கம் வந்தால், தலையாலங்கானத்துப் போருக்குக் கிளம்பும் நெடுஞ்செழியன் சொல்லும் வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாட்டு. பகைவரை வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். பாடமாட்டார்கள் என்பதே ஓர் அரசன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் தண்டனை!

இதைப் படித்த இரவு என் நோட்டில் ஒரே வரி எழுதினேன்: பாணனின் பலம் மந்திரத்தில் இல்லை, அவன் பார்த்தான் என்பதில் இருக்கிறது. மற்றவர்கள் செய்கிறார்கள். செய்தது நிற்குமா அழியுமா என்பது அவன் வாயில் இருக்கிறது. கிளாஸ் முழுவதும் இதிலிருந்து முளைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சியில் நான் செய்தது வெட்டு மட்டும்தான். மந்திரங்களை எல்லாம் எடுத்தேன், இன்ஸ்பிரேஷனை மட்டும் விட்டேன். இரண்டு செஷன் ஓட்டினோம். சண்டையில் அவள் முறை வந்தால் பத்து விநாடியில் முடிந்தது. ஒரு பகடை கொடுப்பாள், குறுவாளை வீசுவாள், பிறகு மற்றவர்களுக்காகக் காத்திருப்பாள். எடுத்த இடத்தில் எதையும் வைக்காமல் எடுத்திருந்தேன். அது சரிப்படவில்லை.

இரண்டாவது முயற்சியில் 'அடி', அதாவது பாட்டின் ஒரு வரி, வந்தது. தோழன் ஒருவன் இருபது முகப் பகடையில் 20 உருட்டினால், பார்ட் அதைக் கண்ணால் பார்த்திருந்தால், தன் நோட்டில் ஓர் அடி எழுதிக்கொள்ளலாம். இன்ஸ்பிரேஷனுக்கு இனி நாள் கணக்குக் கிடையாது. அந்த அடிகளைத்தான் செலவழிக்க வேண்டும். கரிஸ்மா மாடிஃபையரையும், லெவலோடு ஏறும் ப்ரொஃபிஷியன்ஸி போனஸையும் கூட்டினால் வரும் எண்ணிக்கைக்கு மேல் செலவழிக்காத அடிகளைக் கையில் வைத்திருக்க முடியாது. அவளுக்கு அது ஐந்து.

யோசனை பிடித்திருந்தது, எண் ஒத்துழைக்கவில்லை. எங்கள் சண்டை ஒன்று சராசரியாக நான்கு சுற்று போகும். மற்ற மூவரும் சுற்றுக்கு ஒரு தடவை உருட்டினால் மொத்தம் 12 உருட்டல். பன்னிரண்டில் ஒரு 20ஆவது விழும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். அதாவது பாதிக்கு மேற்பட்ட சண்டைகளில் பாணனுக்கு எழுத எதுவுமே கிடைக்காது. முதல் செஷனில் மூன்று சண்டை, ஒரே ஓர் அடி. இதை நான் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இன்னொரு கோளாறும் உண்டு. நன்றாக உருட்டுகிற கூட்டத்துக்கு இன்னும் பகடை சேர்கிறது. தடுமாறுகிற கூட்டத்துக்கு, உதவி தேவைப்படும் நேரத்தில், ஒன்றும் கிடைப்பதில்லை.

மூன்றாவது முயற்சியில் 'எதை எழுதலாம்' என்பதை மாற்றினேன். 20 விழுந்தாலும் எழுதலாம், 1 விழுந்தாலும் எழுதலாம். வீழ்ச்சியும் பாட்டுக்குள் வரும். இதனாலேயே 46 என்பது 72 சதவீதத்துக்குக் கிட்டே போனது. அதோடு பகடையைச் சாராத இரண்டு வழிகளையும் சேர்த்தேன். உயிர்ப்புள்ளி பாதிக்கும் கீழே இருக்கும்போது ஒருவன் பின்வாங்காமல் எதிரியை நோக்கி முன்னேறினால் எழுதலாம். இன்னொருவருக்கு விழ வேண்டிய வெட்டைத் தான் வாங்கினால் எழுதலாம்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் ரோக் எப்போதும் தூணுக்குப் பின்னால் நின்று அம்பு விடுகிறவன். அன்றைக்கு ஒன்பது உயிர்ப்புள்ளியோடு தூணை விட்டு வெளியே வந்து, விழுந்து கிடந்த கிளெரிக்கின் முன்னால் நின்றான். நின்றுவிட்டுத் தோழியைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா?" என்றான். "பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுத ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. தன்னைப் பார்க்க ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவனை வெளியே இழுத்துவிட்டது. இன்ஸ்பிரேஷன் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த செஷனிலேயே எல்லோரும் சாகத் துணிந்துவிட்டார்கள். கிளெரிக்கின் குணப்படுத்தும் மந்திரம் இரண்டாவது சண்டையிலேயே தீர்ந்தது. ஆகவே ஒரு சண்டையில் ஒருவருக்கு ஓர் அடிதான் என்று வரம்பு வைத்தேன். அதன் பிறகு நிதானம் வந்தது.

நேரம் இன்னொரு பிரச்சனை. முதலில் அவள் ஓர் அடியை யோசிக்க மூன்று நிமிடம் எடுத்தாள். சண்டை சூடு ஆறிப்போனது. முப்பது விநாடி மணல் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்தோம். நீளத்துக்கு எல்லை என்ன என்று கேட்டாள். குறளுக்கு ஏழு சீர் போதுமென்றால் உனக்கு ஏழு சொல் போதும் என்றேன். அப்போது ஏதோ வாய்க்கு வந்ததாகச் சொன்னேன், ஆனால் திருத்திய விதிகளிலேயே மிக நன்றாக வேலை செய்வது இதுதான். ஏழு சொல்லில் உவமைக்கு இடமில்லை. கண்டதைத்தான் சொல்ல முடியும்.

அடியைச் செலவழிக்கும் வழிகளை ஐரிஷ் மரபிலிருந்து எடுத்தேன். அங்கே யாழிசைக்கு மூன்று வகை: அழ வைப்பது கோல்ட்ரீ, சிரிக்க வைப்பது கியான்ட்ரீ, தூங்க வைப்பது சுவான்ட்ரீ. மொய்துராப் போருக்குப் பிறகு பகைவர் கூடத்தில் தாக்தா என்ற ஐரிஷ் தெய்வம் தன் யாழை மீட்டு, மூன்றையும் வாசித்து, எல்லோரையும் உறங்க வைத்துவிட்டு வெளியேறுவதாகக் கதை. எங்கள் மேசையில் இப்படி ஆனது. நகைப்பண்: நோட்டிலிருந்து ஓர் அடியை உரக்கப் படித்தால், கேட்கும் தோழன் ஒருவனின் அச்சம் விலகும், கூடவே ஓர் ஆறு முகப் பகடை. அந்த அடி அவனைப் பற்றியதாகவே இருந்தால் எட்டு முகம். அழுகைப்பண்: தன் கூட்டாளி விழுந்ததைப் பார்த்த எதிரி ஒருவன் விஸ்டம் சேவ் (மனம் தாங்குகிறதா என்று பார்க்கும் உருட்டல்) போட வேண்டும்; தவறினால் அந்தச் சுற்றில் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. துயிற்பண் ஓய்வு நேரத்துக்கு உரியது. ஏற்கெனவே விதியில் இருக்கும், ஓய்வில் காயம் ஆற்ற உதவும் 'சாங் ஆஃப் ரெஸ்ட்' நன்றாகவே இருந்ததால் அதை அப்படியே விட்டேன்.

மந்திரங்களை முழுக்க விலக்கியது தவறு என்று புரிந்ததால் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரே அளவுகோல்: வாயிலிருந்து காதுக்குப் போகிறதா? 'ஹீலிங் வேர்ட்', 'சஜஷன்', 'டிஸோனன்ட் விஸ்பர்ஸ்', 'ஹீரோயிஸம்' இருக்கட்டும். 'ஹீட் மெட்டல்', 'கிளவுட் ஆஃப் டாகர்ஸ்', 'இன்விஸிபிலிட்டி' போகட்டும். 'ஷாட்டர்' வெடிமந்திரம் என்று நான் அடித்திருந்தேன். அது சத்தத்தால்தான் உடைக்கிறது என்று அவள் வாதாடித் திரும்ப வாங்கிக்கொண்டாள். நியாயம்தான்.

இனி வசை. பழைய விதியில் 'விஷஸ் மாக்கரி' என்று ஒரு சின்ன மந்திரம்: எதையாவது கிண்டலாகச் சொன்னால், சேவில் தவறும் எதிரிக்கு ஒரு நாலு முகப் பகடை சேதம், அடுத்த தாக்குதலில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). சொன்னது என்ன என்பது விதிக்குத் தேவையே இல்லை. ஐரிஷ் கதைகளில் வசை இப்படி மலிவானதல்ல. அரசன் ப்ரெஸிடம் விருந்தாளியாகப் போன கவிஞன் கார்ப்ரேக்குத் தீயில்லாத இருட்டறையும் மூன்று காய்ந்த ரொட்டியும் கிடைத்தன. மறுநாள் காலை அவன் பாடிய வசையோடு ப்ரெஸின் ஆட்சி சரியத் தொடங்குகிறது. நேதே கதை இதற்கு மறுபக்கம். கவிஞனான அவன் தன் சிற்றப்பனான அரசன் காயரைப் பதவியிலிருந்து இறக்குவதற்காகவே, கொடுக்க முடியாத ஒன்றைக் கேட்டு, மறுத்ததும் வசை பாடினான். காயர் முகத்தில் மூன்று கொப்புளம் எழுந்தது. மாசுபட்ட முகத்தோடு அரசாள முடியாது என்று ஓடிப்போனார். கடைசியில் காயர் வெட்கத்தாலேயே உயிர் விட, அங்கிருந்த பாறை வெடித்துச் சிதறிய சில்லு நேதேயைக் கொன்றது.

இந்த இரண்டு கதைகளும் சேர்ந்து எனக்கு விதியை எழுதித் தந்தன. வசை பாட ஓர் அடியைச் செலவழிக்க வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். பார்ட் தானே பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்தவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு எதிரியின் ஆட்கள் இருக்க வேண்டும். எதிரி விஸ்டம் சேவில் தவறினால், அவனுடைய ஆட்கள் அவனுக்காக உயிரைக் கொடுப்பதை நிறுத்துவார்கள். பொய் சொன்னால் எல்லாம் பாடியவள் மேல் திரும்பும். அடுத்த நீண்ட ஓய்வு வரை புதிதாக ஓர் அடிகூட எழுத முடியாது.

இதை முதன்முதலில் பயன்படுத்தியது ஒரு கோட்டை வாசலில். காவல் தலைவனும் பன்னிரண்டு ஈட்டிக்காரர்களும் எதிரே. எங்கள் ஆட்கள் நாலு பேர், இருவருக்குப் பாதி உயிர். நான் அதைத் தப்பி ஓட வேண்டிய காட்சியாகத்தான் எழுதி வைத்திருந்தேன். மூன்று செஷனுக்கு முன்னால் ஓர் ஆற்றுத்துறையில் இதே தலைவன் தன் ஆட்களை விட்டுவிட்டு ஓடியதைக் குழு தூரத்திலிருந்து பார்த்திருந்தது. நான் மறந்தே போயிருந்தேன். அவள் நோட்டைப் பின்னால் புரட்டினாள். மணல் கடிகாரத்தைத் தானே கவிழ்த்தாள். பாதி மணல் இறங்கும் வரை பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், அந்த ஈட்டிக்காரர்கள் நிற்பதாக நாங்கள் வைத்திருந்த பொம்மைகளைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆற்றில் பதினொருவர் செத்தார், கரையில் ஒருவன் குதிரை தேடினான்."

எண்ணிப் பார்த்தோம், ஏழு. அவளுடைய டிசி, அதாவது எதிரி எட்ட வேண்டிய எண், 13. தலைவனுக்கு நான் எல்லோர் முன்னாலும் உருட்டினேன். விஸ்டம் கூட்டியும் 9தான் வந்தது. ஈட்டிகள் தாழ்ந்தன. வரிசையின் கடைசியில் நின்ற ஒருவன், "என் அண்ணன் அந்த ஆத்துலதான் போனான்" என்று சொல்வதாக நான் அந்த இடத்திலேயே சேர்த்தேன். ஃபைட்டர் ஆடுகிற நண்பன் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் கோட்டைக்குள் போனோம்.

பிறகு யோசித்தபோது, தொண்டைமானிடம் தூது போன ஔவை செய்ததும் இதே வேலைதான் என்று தோன்றியது. உன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டிப் பளபளப்பாகக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ் போல ஒலிக்கும், கண்டதை மட்டும் சொல்லும். குத்துவது அந்த உண்மைதான்.

வழிப்பயணத்துக்கு ஒரு சின்ன விதி, பெயர் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லும் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். சாலையில் இன்னொரு பாடகரையோ கதைசொல்லியையோ சந்தித்தால் பார்ட் தன் நோட்டிலிருந்து ஓர் அடியைச் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவர் போகும் வழி, வழியில் உள்ள ஆபத்து, யார் வாசலில் வரவேற்பு கிடைக்கும் என்ற மூன்றையும் உண்மையாகச் சொல்வார். சொன்ன அடி குழுவுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதனால் எனக்கு முன்தயாரிப்பு ஒரு பக்கம் கூடியது, வேறு தொல்லை இல்லை.

இன்னும் சரியாகாதவை இருக்கின்றன. தனியாக வேவு பார்க்கப் போனால் பார்டுக்குப் பார்க்க யாரும் இல்லை, அடியும் இல்லை. அதற்கு என்னிடம் இன்னும் மருந்து இல்லை. ஐந்தாவது லெவலுக்கு மேலே எதையும் நான் எழுதவும் இல்லை. எழுதும் வேகம் குறைந்தவர் பார்ட் ஆட விரும்பினால் ஏழு சொல்லை வாயால் சொன்னால் போதும், வேறொருவர் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை சேர்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சேர்ந்த விதிக்கு நடுகல் என்று பெயர் வைத்தோம். செலவழித்த அடியை அவள் அழிப்பதில்லை, ஒரு கோடு மட்டும் போடுவாள். தோழன் ஒருவன் செத்தால், அவனைப் பற்றி எழுதிய எல்லா அடிகளையும், கோடு போட்டவை உட்பட, ஒரு தடவை வாசிக்கலாம். எத்தனை அடியோ அத்தனை எட்டு முகப் பகடை. அந்தச் சண்டை முடியும் வரை மிஞ்சியவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் ஃபைட்டர் பாலத்தில் விழுந்தான். அவனுக்குப் பதினோரு அடி இருந்தது. அவள் நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடையை மேசை நடுவில் வைத்துக்கொண்டே வாசித்தாள். நாலாவது அடியில் அவன் 1 உருட்டிக் கிணற்றில் விழுந்தது வந்தது. ஏழாவது அடியில் இருந்ததை அவன் மறந்தே போயிருந்தான். "அது நானா?" என்று கேட்டான். அவள் பக்கத்தைத் திருப்பித் தேதியைக் காட்டினாள்.

பதினோரு பகடையில் எட்டு செலவானது, பாலம் நின்றது. அடுத்த செஷனுக்கு அவன் ஒரு ரேஞ்சரோடு வந்தான். உட்காருவதற்கு முன்பே அவளிடம், "எனக்குப் பக்கம் ஒதுக்கியாச்சா?" என்று கேட்டான்.